54 வயதில் அறுந்த குதிநாண்: பள்ளிப்பட்டு ஷட்டில் ஆட்டக்காரர் ஒருவரின் நிகழ்வு ஆய்வு

இந்த நிகழ்வில் வருபவர் 54 வயது விசைத்தறி உரிமையாளர். ஊர் பள்ளிப்பட்டுப் பக்கம். அக்காவைக் கட்டிக்கொடுத்த இடம் எல்லை தாண்டி ஆந்திராவின் நகரி. வீட்டில் தமிழ், நூல் வியாபாரத்தில் பாதிக்குப் பாதி தெலுங்கு. சாயங்காலம் ஆறரை ஆனால் ஷட்டில் பேட்டைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். இருபது வருடப் பழக்கம். தறிகளை விற்றுவிட்ட ஒரு பழைய கொட்டகையில் சிமெண்ட் தரையின்மேல் பச்சை மேட் விரித்து, எல்.இ.டி. விளக்கு போட்டு ஆடுகிறார்கள். மொத்தம் 12 பேர். இளையவருக்கு 45, மூத்தவருக்கு 63.

அவர் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். யாரென்று அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன். மருத்துவ விவரங்கள் அப்படியே இருக்கின்றன.

இவரைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. உங்களில் உடம்பை நன்றாக வைத்திருப்பவர் யார் என்று கேட்டபோது, மற்ற 11 பேரும் கைகாட்டியது இவரைத்தான். பீடி, சிகரெட், குடி எதுவும் கிடையாது. எடை 71 கிலோ. கிருத்திகை தவறாமல் திருத்தணி மலையின் 365 படிகளையும் நிற்காமல் ஏறுவார். மூன்று கேம் ஆடினாலும் மூச்சு வாங்காது. குறை என்று சொன்னால் ஆறு வருடமாக இருக்கும் சர்க்கரை ஒன்றுதான். மாத்திரை சாப்பிடுகிறார், ஆனால் சர்க்கரையின் மூன்று மாத சராசரி (HbA1c) 8.2. அப்படிப்பட்டவருக்குத்தான் குதிநாண் அறுந்தது.

அறுவதற்கு முன்

குதிகாலையும் கெண்டைக்கால் சதையையும் இணைக்கும் தசைநாண்தான் குதிநாண் (Achilles tendon), உடம்பிலேயே தடிமனானது. அது பெரும்பாலும் ஒரே நாளில் கெட்டுப்போவதில்லை. இவருக்கு எட்டு மாதம் முன்பே அறிகுறி தெரிந்திருக்கிறது. காலையில் கட்டிலைவிட்டு இறங்கி முதல் பத்தடி நடக்கும்போது குதிகாலுக்கு மேலே விறைப்பு, பல் தேய்த்து முடிப்பதற்குள் போய்விடும். சாயங்காலம் ஆட ஆரம்பிக்கும்போது கொஞ்சம் வலிக்கும், ஆட ஆடக் குறைந்துவிடும். மறுநாள் காலை மீண்டும் விறைப்பு.

“சூடேறினா சரியாயிடும் சார், அதனால கண்டுக்கல” என்றார்.

இந்த ஒரு வாக்கியத்தை நாற்பது தாண்டிய ஆட்டக்காரர்களிடம் அடிக்கடி கேட்கிறேன். சூடேறியதும் வலி குறைவதால் காயம் ஆறிவிட்டதென்று அர்த்தமில்லை. குதிநாண் பழுதின் இயல்பே அதுதான்: தொடக்கத்தில் வலி, நடுவில் நிம்மதி, மறுநாள் காலை விறைப்பு. விறைப்பு நாளுக்கு நாள் கூடினால், முந்தைய நாள் ஆட்டம் அந்த நாண் தாங்குகிற அளவைத் தாண்டிவிட்டது என்று கொள்ள வேண்டும்.

பிறகு ஆடி வந்தது. கிருத்திகைக் கூட்டம், அதைத் தொடர்ந்து தீபாவளிக்கு லுங்கி ஆர்டர். இரண்டு மாதம் கொட்டகைப் பக்கமே போகவில்லை. வலியும் இல்லை. “ஓய்வு எடுத்தேன், ஆறிடுச்சி” என்று நினைத்துக்கொண்டார். அந்த இடைவெளியில் சிறுநீர்த் தொற்று வந்து காய்ச்சலும் அடித்தது. மருத்துவர் சரியாகவே கண்டறிந்து ஒரு வாரத்துக்கு சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரை கொடுத்தார். இதை அவர் என்னிடம் சொல்லவில்லை. வேறு ஏதாவது மாத்திரை சாப்பிட்டாரா என்று நான் கேட்டதும், அவர் மனைவி பர்சிலிருந்து காலியான அட்டையை எடுத்து நீட்டினார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை

புரட்டாசியில் 45 வயது தாண்டியவர்களுக்கான டபுள்ஸ் போட்டி. ஜோடி, அக்கா புருஷன். இவர் ‘பாவா’ என்று கூப்பிடும் 58 வயதுக்காரர். இரண்டு மாத இடைவெளிக்குப் பிறகு நேராக ஒரே நாளில் நான்கு ஆட்டம். வார்ம்-அப் என்பது கையை நாலு சுற்று சுற்றி, நெட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பத்துத் தட்டு தட்டியதுதான்.

மூன்றாவது ஆட்டம், 17-17. பின்கோட்டுக்கு ஓடித் தூக்கி அடித்தார். எதிராளி நெட்டோரம் டிராப் போட்டார். முன்னால் பாய இடது காலை ஊன்றி உந்தினார். டப் என்று ஒரு சத்தம்.

விழுந்த இடத்திலிருந்து திரும்பிப் பார்த்து, “எதுக்கு பாவா உதைக்கிற?” என்று கத்தியிருக்கிறார். பாவா நின்றது நெட்டுக்குப் பக்கத்தில். பின்னால் யாருமே இல்லை. சத்தத்தைக் கேட்டவர்கள் பேட்டில் நரம்பு அறுந்தது என்று நினைத்தார்களாம். யாரோ பின்னாலிருந்து உதைத்தது போன்ற உணர்வு, சத்தம், திரும்பிப் பார்த்தால் ஆளில்லை. இந்த மூன்றும் சேர்ந்தால் வேறு நோயை யோசிக்கும் முன் குதிநாணைத்தான் பார்க்க வேண்டும்.

எங்கள் பக்கத்தில் கை கால் அடிபட்டால் வண்டி முதலில் கட்டுக் கட்டும் இடத்துக்குத்தான் போகும். புத்தூர்க் கட்டின் பெயர் சென்னை வரை தெரிந்தது. இவரையும் காரில் ஏற்றி எல்லைக்கு அப்பால் ஒரு கிராமத்துப் பெரியவரிடம் கொண்டுபோனார்கள். அவர் கணுக்காலின் இரு பக்கமும் அழுத்திப் பார்த்தார். பிறகு கட்டைவிரலை குதிகாலின் பின்பக்கமாக மேலே நகர்த்திக்கொண்டே போய் ஓரிடத்தில் நிறுத்தினார். “எமுக காது நாயனா” என்றார், எலும்பு இல்லையப்பா. கட்டுப் போட மறுத்து, ஸ்கேன் எடுக்கச் சொல்லி அனுப்பிவிட்டார். அந்தக் கட்டைவிரலுக்கு இவர் குடும்பமே நன்றி சொல்ல வேண்டும். பாதத்தை நேராக நிமிர்த்தி வைத்துக் கட்டியிருந்தால், அறுந்த முனைகள் இரண்டும் விலகிய நிலையிலேயே இருந்திருக்கும்.

பரிசோதனை

மறுநாள் காலை என்னிடம் வந்தார். நொண்டிக்கொண்டுதான் என்றாலும் நடந்தே வந்தார். உட்கார்ந்தபடி பாதத்தைக் கீழே அழுத்தச் சொன்னேன்; அழுத்தினார். நடக்க முடிகிறது, பாதமும் அசைகிறது என்பதால்தான் இது பலருக்கும் ‘சுளுக்கு’ என்று கிரேப் பேண்டேஜோடு முடிந்துவிடுகிறது. எக்ஸ்ரேயில் எலும்பும் நன்றாகவே இருக்கும். கால்விரல்களை மடக்கும் தசைகளும் கணுக்காலின் உள்பக்கத் தசையும் பாதத்தைக் கீழே அழுத்தப் போதும். குதிநாண் இல்லாமலும் அந்த வேலை நடக்கும்.

குப்புறப் படுக்கவைத்து, இரு பாதங்களும் கட்டிலுக்கு வெளியே தொங்கும்படி வைத்தேன். வலது கெண்டைக்கால் சதையைக் கையால் பிடித்து அழுத்தினால் பாதம் தானாகக் கீழே சாய்ந்தது. இடது பக்கம் அதே மாதிரி அழுத்தினேன். பாதம் அசையவே இல்லை. பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த அவர் மகனே “அப்பா, இந்தக் கால் ஆடல” என்றான். குதிகாலுக்கு மேலே விரலை ஓட்டினால் ஒரு பள்ளத்தில் விரல் இறங்கியது. இந்த அழுத்திப் பார்க்கும் சோதனைக்கு அரை நிமிடம் போதும். கருவி வேண்டாம், செலவும் இல்லை. சந்தேகம் இருக்கும் எந்தக் காலிலும் இதைச் செய்யாமல் ‘சுளுக்கு’ என்று சொல்லிவிடக் கூடாது. வாரக்கணக்கில் விட்டுவிட்டால் முனைகள் சுருங்கி விலகி, பிறகு செய்யும் சிகிச்சை பெரிதாகிவிடும்.

எலும்பு மூட்டு மருத்துவரிடம் அனுப்பினேன். அல்ட்ராசவுண்டில் குதிகால் எலும்புக்கு 5 செ.மீ. மேலே நாண் முழுவதும் அறுந்திருப்பது உறுதியானது. குதிகாலிலிருந்து 2 முதல் 6 செ.மீ. வரையுள்ள அந்தப் பகுதிக்கு ரத்த ஓட்டம் குறைவு. நாண் பெரும்பாலும் அறுவது அங்கேதான்.

ஏன் இவருக்கு?

இந்தக் கேள்வியை அவர் பல முறை கேட்டார். “நான் தான் சார் தினமும் ஆடறேனே. ஆடாத ஆளுக்கு எதுவும் ஆகல.”

படியேறுவதும் நடப்பதும் மூச்சையும் இதயத்தையும் பழக்குகின்றன. குதிநாணை அறுப்பது மூச்சுக் குறைவு அல்ல, வேகம். வயதாக ஆகச் சதை குறைகிறது: 30-க்குப் பிறகு பத்து வருடத்துக்கு 3 முதல் 8 சதவீதம் வரை. சதை குறைவதைவிட வேகமாகப் பலம் குறைகிறது. பலத்தைவிட வேகமாகக் குறைவது வெடுக்கென்று உந்தும் திறன், ஏனென்றால் முதலில் மெலிவது வேகமாகச் சுருங்கும் இழைகள்தான். ஒரு படிக்கு ஒரு வினாடி எடுத்து மலையேறும்போது இந்தக் குறை தெரியவே தெரியாது. டிராப்பை எடுக்கப் பாயும் அந்த ஒரு நொடியில்தான் தெரியும். பாய்ச்சலிலும் ஓட்டத்திலும் குதிநாணில் விழும் இழுவிசை உடல் எடையைப்போல ஆறு மடங்குக்கும் மேலே போகும். 365 படிகள் அவருக்குக் கொடுத்த நம்பிக்கை உண்மையானது, ஆனால் அது வேறொரு திறனைப் பற்றியது.

தினமும் ஆடுவதே பயிற்சி ஆகாதா? இளவயதில் ஓரளவு ஆகும். ஐம்பதில் ஆட்டம் இருக்கிற பலத்தைச் செலவழிக்கிறது, புதிதாகச் சேர்ப்பது குறைவு. சேர்ப்பதற்குத் தனியாகப் பாரம் தூக்க வேண்டும். தறிக்காரருக்குத் தறியை வைத்தே சொன்னேன்: பாவில் ஒன்றிரண்டு இழை அறுந்தாலும் துணி வந்துகொண்டுதானிருக்கும், அதற்காகப் பிணைக்காமல் விட்டால் என்ன ஆகும்? அவர் சட்டென்று புரிந்துகொண்டார். எட்டு மாத விறைப்பு, இழை அறுந்துகொண்டிருந்த காலம்.

அதன்மேல் மூன்று விஷயங்கள் சேர்ந்தன. சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாவிட்டால், அது தசைநாணின் கொலாஜன் இழைகளோடு ஒட்டிக்கொண்டு நெகிழ்வைக் குறைக்கும். இரண்டாவது அந்த மாத்திரை. சிப்ரோஃப்ளாக்சசின், லெவோஃப்ளாக்சசின் வகை மருந்துகளால் தசைநாணில் அழற்சி வரலாம், நாண் அறுந்தும் போகலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2008-இல் கறுப்புக் கட்டம் போட்ட தன் மிகக் கடுமையான எச்சரிக்கையைக் கொடுத்தது. 60 தாண்டியவர்களுக்கும் ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்கும் ஆபத்து அதிகம். வாய்ப்பு சிறியதுதான், தொற்றுக்கு அந்த மருந்து தேவைப்படலாம், யாரும் தானாக நிறுத்திவிடக் கூடாது. ஆனால் “நான் ஷட்டில் ஆடுகிறேன், குதிகாலில் விறைப்பு இருக்கிறது” என்று மருந்து எழுதும் மருத்துவரிடம் சொல்வது நம் வேலை. சாப்பிட்ட பின் சில வாரங்கள், சமயத்தில் சில மாதங்கள்கூட, இந்தப் பாதிப்பு வரலாம்.

மூன்றாவதுதான் எனக்கு மிகப் பெரிதாகத் தெரிகிறது: இரண்டு மாதம் சும்மா இருந்துவிட்டு ஒரே நாளில் நான்கு ஆட்டம். ஓய்வில் வலி போயிற்று, நாண் தேறவில்லை. பயன்பாடு இல்லாமல் இன்னும் பலவீனமானது. இந்த வகைப் பழுதுக்கு ஓய்வைவிடப் பாரம்தான் மருந்து என்பதை ஸ்வீடனின் ஆல்ஃப்ரெட்சன் குழு 1998-இல் காட்டியது. படி விளிம்பில் நின்று குதிகாலை மெதுவாகக் கீழிறக்கும் பயிற்சி. முழங்கால் நீட்டி ஒன்று, மடக்கி ஒன்று. 15 வீதம் மூன்று சுற்று, நாளுக்கு இரு வேளை, 12 வாரம். அறுவை சிகிச்சைக்குக் காத்திருந்த 15 ஓட்டக்காரர்களும் மீண்டும் ஓடினார்கள். இவர் காலையில் விறைப்போடு எழுந்த அந்த எட்டு மாதத்தில் இதைத் தொடங்கியிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலை இருந்திருக்காது என்றே நம்புகிறேன்.

தைப்பதா, தைக்காமல் சேர்ப்பதா

குடும்பத்தில் இதற்குப் பெரிய விவாதம் நடந்தது. மகன் ஆபரேஷன் பக்கம், மனைவி வேண்டாம் என்ற பக்கம். 2022-இல் வெளிவந்த நார்வே ஆய்வு இதற்கு நல்ல வெளிச்சம் தருகிறது. 554 பேரைத் திறந்த அறுவை சிகிச்சை, சிறுதுளை அறுவை, அறுவையில்லாச் சிகிச்சை என்று மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு வருடம் கழித்துக் காலின் செயல்பாட்டில் மூன்று பிரிவுக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. ஆனால் மறுபடி அறுந்தது, அறுவையில்லாப் பிரிவில் 6.2 சதவீதம், அறுவை செய்த இரு பிரிவிலும் 0.6 சதவீதம். நரம்புப் பாதிப்போ அறுவைப் பிரிவுகளில் அதிகம்.

இவருக்கு சர்க்கரை 8.2. குதிகாலுக்கு மேல் தோல் மெல்லியது, அங்கே புண் பழுத்தால் ஆற நாளாகும். பாதத்தைக் கீழ்நோக்கி வைத்தால் முனைகள் இரண்டும் ஒட்டி வருவதும் ஸ்கேனில் தெரிந்தது. அதனால் மருத்துவர் அறுவையில்லாமல் போகலாம் என்றார், இவரும் ஒத்துக்கொண்டார். 30 வயதுப் போட்டி ஆட்டக்காரர் என்றால் முடிவு வேறாக இருந்திருக்கலாம்.

தேறிய வருடம்

முதல் இரண்டு வாரம் விரல் கீழ்நோக்கிய மாவுக்கட்டு. பிறகு குதிகாலுக்கு அடியில் ஆப்புத் துண்டுகள் வைத்த பூட்ஸ், ஊன்றுகோலோடு நடை. வாரங்கள் போகப்போக ஒவ்வொரு துண்டாக எடுத்தோம். 10-ஆம் வாரம் பூட்ஸ் கழன்றது. கால் அசையாமல் இருக்கும்போது கெண்டைக்காலில் ரத்தம் உறையலாம் என்பதால் மருத்துவர் அதற்கான மருந்தும் கொடுத்திருந்தார்.

இந்தக் கட்டத்தில் நான் வீட்டாரோடு மல்லுக்கு நின்றது ஒரே விஷயத்துக்கு: இழுக்காதீர்கள். அக்கா நகரியிலிருந்து எண்ணெய் கொண்டுவந்து, கால் விறைப்பாக இருக்கிறதே என்று பாதத்தை மேல்நோக்கித் தள்ளி உருவப் பார்த்தார். அவர் அன்பு புரிகிறது. ஆனால் சேர்ந்துகொண்டிருக்கும் நாண் இந்தச் சமயத்தில் நீண்டுவிட்டால் நீண்டதுதான். பிறகு எவ்வளவு சதை ஏற்றினாலும் குதிகால் முழு உயரம் எழும்பாது. முதல் மூன்று மாதம் அந்த விறைப்பு நமக்குத் தேவை.

பலப்படுத்துவதற்கு ஜிம் எதுவும் வேண்டியிருக்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, துண்டு மடித்து முழங்காலில் போட்டு, அதன்மேல் 10 கிலோ அரிசிப் பை. குதிகாலை மூன்று எண்ணிக்கையில் தூக்கி மூன்று எண்ணிக்கையில் இறக்க வேண்டும். கெண்டைக்காலின் ஆழத்துச் சதைக்கு இது நேரடியாகப் போகும். மாதங்கள் போக அது 25 கிலோ சிப்பம் ஆயிற்று. நின்றபடி இரண்டு காலால் எழும்புவது மூன்றாம் மாதம், இடது காலால் மட்டும் முதல் முறை எழும்பியது ஆறாம் மாதக் கடைசி. அன்றைக்கு வீட்டில் கேசரி கிண்டினார்கள்.

நடுவில் ஐந்தாம் மாதம் பலமல்ல, பயம்தான் தடையாக இருந்தது. “திரும்ப டப்புனு கேட்டா?” என்று காலை ஊன்றாமலேயே நின்றார். அந்தப் பயத்துக்கு அறிவுரை வேலை செய்யாது. சுவரைப் பிடித்துக்கொண்டு துள்ளல், பிறகு பிடிக்காமல் துள்ளல், கயிறு தாண்டல், எட்டடி ஓட்டம் என்று ஒவ்வொன்றாகச் செய்து, ஒவ்வொன்றின் மறுநாள் காலையும் விறைப்பு கூடவில்லை என்று அவரே பார்த்த பிறகுதான் பயம் போயிற்று.

மற்ற 11 பேர்

இவரைப் பார்த்துப் பயந்து மற்றவர்களும் வந்தார்கள். ஒற்றைக் காலில் நின்று முழு உயரத்துக்கு எத்தனை முறை எழும்ப முடியும் என்று பார்த்தேன். 25 என்பது பொதுவான அளவுகோல். வயதோடு கொஞ்சம் குறையும். பாதிக்கு மேற்பட்டவர்கள் 15-ஐத் தொடவில்லை. பாவா 9-இல் நின்றுவிட்டார். “போபண்ணா 43 வயசுல ஆஸ்திரேலியன் ஓபன் அடிக்கலையா?” என்று வாதாடினார். டென்னிஸ் ஆட்டக்காரர் ரோகன் போபண்ணா 2024-இல் இரட்டையர் பட்டம் அடித்தார், உண்மை. முழங்கால் குருத்தெலும்பு தேய்ந்த நிலையில் யோகாவால் தேறி வந்ததை அவரே பேசியிருக்கிறார். கோர்ட்டில் நாம் பார்ப்பது, கோர்ட்டுக்கு வெளியே நடந்ததன் விளைவு.

இனி முடியாது என்று சொல்லும் வயதும் இல்லை. 1990-இல் பாஸ்டனில் ஒரு முதியோர் இல்லத்தில் 90 வயதை ஒட்டியவர்களுக்கு எட்டு வாரம் பாரப் பயிற்சி கொடுத்தபோது கால் பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியது.

தோள்வலி, முழங்கை வலியெல்லாம் வழக்கமானவை, அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன். ஒன்றை விட முடியாது. 49 வயதுக்காரர் ஒருவர் பேச்சுவாக்கில் சொன்னார்: “ரெண்டு கேம் முடிஞ்சா நெஞ்சுல வாயு அடைக்கும், உக்காந்தா சரியாயிடும்.” ஆடினால் வருகிறது, உட்கார்ந்தால் போகிறது என்றால் அதை வாயு என்று விட்டுவிடக் கூடாது, இதயம் என்றே முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும். அன்றோடு ஆட்டத்தை நிறுத்தி இதய மருத்துவரிடம் அனுப்பினேன். ஆஞ்சியோவில் அடைப்பு தெரிந்து ஸ்டென்ட் வைத்தார்கள். மருத்துவர் அனுமதியோடு இப்போது லேசாக ஆடுகிறார். நாற்பதைத் தாண்டி ஆடுகிறவர்களுக்கு, அதிலும் சர்க்கரையோ பிரஷரோ குடும்பத்தில் மாரடைப்போ இருப்பவர்களுக்கு, இதயப் பரிசோதனையைப் பேட் வாங்குவதற்கு முன்னால் வைக்கச் சொல்வேன்.

இதற்காக ஆட்டத்தைவிட்டு ஓட வேண்டாம். கோபன்ஹேகன் நகரவாசிகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2018-இல் வெளியிட்ட ஆய்வில், உட்கார்ந்தே இருந்தவர்களைவிட பேட்மிண்டன் ஆடியவர்கள் சராசரியாக 6.2 வருடம் கூடுதலாக வாழ்ந்திருக்கிறார்கள்; ஜாகிங் செய்தவர்களுக்கு அது 3.2. ஆட்டம்தான் காரணம் என்று அந்த ஆய்வை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. கூடி ஆடிச் சிரிக்கும் ஒரு சாயங்காலத்தின் பங்கு அதில் இருக்கும் என்றே நினைக்கிறேன்.

கொட்டகையில் இப்போது வாரம் மூன்று நாள் ஒன்றுவிட்டு ஒன்று ஆட்டம், இடையில் இரண்டு நாள் பாரம். இறங்குவதற்கு முன் 12 நிமிடம்: மெதுவோட்டம், பக்கவாட்டு நடை, குதிகால் எழும்பல், முன்கால் வைத்துத் தாழ்தல், சின்னத் துள்ளல், கடைசியில் ஷட்டில் இல்லாமலே கோர்ட்டின் ஆறு மூலைக்கும் அசைவு. இரண்டு வாரத்துக்கு மேல் விட்டுப்போனவர் முதல் வாரம் பாதி நேரம்தான் ஆடலாம் என்பது அவர்களே போட்டுக்கொண்ட விதி.

14-ஆம் மாத நிலை

சர்க்கரையின் மூன்று மாத சராசரி 6.9. ஒற்றைக் கால் எழும்பல் வலது 27, இடது 21. இடது கெண்டைக்கால் சுற்றளவு இன்னும் ஒன்றரை செ.மீ. குறைவு, குதிகால் எழும்பும் உயரமும் கொஞ்சம் குறைவு. குதிநாண் அறுந்தவர்களுக்கு இந்த வித்தியாசம் நிரந்தரமாகவே தங்கிவிடலாம் என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன். பத்தாம் மாதம் டபுள்ஸுக்குத் திரும்பினார். சிங்கிள்ஸ் வேண்டாம் என்று அவரே முடிவெடுத்தார். பாவா 9-லிருந்து 18-க்கு வந்திருக்கிறார்.

இந்தப் புரட்டாசிப் போட்டிக்குப் பெயர் கொடுக்கும்போது, ஒரு நாளில் இரண்டு ஆட்டத்துக்கு மேல் ஆட மாட்டோம் என்று இருவரும் எழுதிக் கொடுத்தார்கள். நடத்துகிறவர்கள் முதலில் முணுமுணுத்தார்கள். பிறகு இன்னும் நான்கு ஜோடி அதையே கேட்டதால், போட்டியை இரண்டு ஞாயிற்றுக்கிழமையாகப் பிரித்துவிட்டார்கள்.